அக்கா பார்த்த சிப்

அத்தானை வேலையை விட்டுத் தூக்கப்போகிறார்கள் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதற்குள் தம்பியைத் திட்டித் தீர்த்துவிட்டீர்கள். சொந்த அக்கா புருஷன் என்றும் பாராமல் இப்படியா என்று கேட்டு வந்த கடிதங்களை எல்லாம் படித்தேன். கொஞ்சம் பொறுங்கள். திட்டுவதற்கு இந்தக் குடும்பத்தில் ஆளுக்கா பஞ்சம்?

இன்றைக்குத்தான் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. அக்கா, அத்தான், தம்பி மூன்று பேருக்கும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. குவாண்டம் கம்ப்யூட்டருக்கு சிப் செய்கிற இடம். அத்தான் சிப்பைச் செய்கிறவர். தம்பி அந்தக் கூடத்துக்கே தலைவன். அக்கா பொருள்களுக்கு ஜாதகம் பார்க்கிறவள். உலோகப் படலம் எவ்வளவு கனம், மேலே துரு ஏறியிருக்கிறதா, எங்கேயாவது அழுக்கு ஒளிந்திருக்கிறதா என்று கருவிகளை வைத்துக் கண்டுபிடித்துச் சொல்வது அவள் உத்தியோகம். தம்பி அக்கா என்று கூப்பிடுவதால் வாசல் காவலாளி முதற்கொண்டு அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான்.

அந்த சிப் இருக்கிறதே, அது லேசுப்பட்டதில்லை. நகத்தளவு தகட்டில் கண்ணுக்குத் தெரியாத உலோகக் கோடுகள். அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மனுஷன் நினைத்துப் பார்க்க முடியாத குளிருக்குக் கொண்டுபோனால் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளும். அதுவும் இமை கொட்டுகிற நேரம்கூட இல்லை. மேலே துளி அழுக்கு இருந்தாலும் அந்த நினைவும் போச்சு.

சில மாதங்களாக அத்தான் கையிலிருந்து போன சிப்பெல்லாம் மறதிக்கார சிப்பாக இருந்தது. நடுவில் வந்த ஒன்றைத் தவிர. அதற்கு லேபில் செல்லம் என்று பெயர். செல்லம் பிரமாதமாக வேலை செய்தபோது தம்பி என் திட்டம் என்றான், அத்தான் என் கைராசி என்றார், குளிர்ப்பெட்டிக்காரர்கள் எங்கள் பெட்டி என்றார்கள். அது மட்டும் ஏன் நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கெட்டுப்போனால்தானே நாம் ஏன் என்று கேட்போம்?

செல்லத்துக்குப் பிறகு வந்தவை மறுபடியும் சொத்தை. ஒரு தடவை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவருக்கு அடுத்த தடவை எப்படித் தெரியாமல் போகும் என்று தம்பி கேட்டான். அலட்சியம், அறையைச் சுத்தமாக வைக்கவில்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டான். இன்று பிற்பகல் கூட்டம். நிர்வாகத்து அம்மாளும் வருகிறார். அவர் வந்தால் யாரையோ அனுப்பப்போகிறார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

காலையில் அத்தான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். அக்காதான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். இந்த வயதில் தனக்கு வெளியே யார் வேலை கொடுப்பார்கள், தனக்குத் தெரிந்த வேலையைச் செய்ய இந்த ஊரிலேயே வேறு கூடம் இல்லையே என்று அவர் புலம்பினார். உன் தம்பிக்கு நான் ஆரம்பத்திலிருந்தே ஆகாது என்றார்.

"என் பக்கம் தப்பு இல்லன்னு நீ சொன்னா போதும்," என்றார். "உன் வார்த்தையை அவனால தள்ள முடியாது."

லேபுக்குப் போனால் அங்கே தம்பி காத்திருந்தான். சொத்தை சிப்புகள் ஒரு பெட்டியிலும் செல்லம் தனிப் பெட்டியிலுமாக அவள் மேஜைமேல் கொண்டுவந்து வைத்திருந்தான். அக்காவைவிட நிறைய வருஷம் சின்னவன். இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் முன்னால் தலைவனாக நிற்பது அவனுக்கு இன்னும் பழகவில்லை. அதனால் கொஞ்சம் அதட்டலாகவே பேசுவான்.

"நீ பார்த்துச் சொல்றதுதான், அக்கா. அத்தான் பக்கம் தப்பு இல்லன்னா நானே அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். இருந்துச்சுன்னா நீ நடுவுல வராதே."

அவள் சரி என்றாள். இப்படி ஒரு வேலையை எந்தப் பெண்ணுக்காவது கொடுப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்தான். அவளும் வாங்கிக்கொண்டாள். தன் கருவிகள்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவளிடம் இருப்பதில் பெரியது எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப். ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. எலக்ட்ரான் கற்றை எந்த இடத்தில் விழுகிறதோ, அங்கே சுற்றிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கை எல்லாம் கூட்டிவந்து ஒட்டவைத்துவிடும். கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று போய்க் கைரேகையைப் பதித்துவிட்டு வருவது மாதிரி. அதனால் குளிர்ப்பெட்டிக்குப் போகிற சிப்பை அதில் வைக்கக் கூடாது என்பது அங்கே கல்வெட்டு. அதே தகட்டின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, சாட்சித் துண்டு என்று பெயர் வைத்து, அதைத்தான் பார்ப்பார்கள்.

இன்றைக்கு அவள் மைக்ரோஸ்கோப்பைத் தொடவில்லை. ஊசி நுனியால் மேற்பரப்பைத் தடவி மேடு பள்ளம் சொல்லும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. அது எதையும் கெடுக்காது. முதல் சொத்தை சிப்பை அதில் வைத்தாள்.

ஊசி வரி வரியாக நகர, திரையில் படம் மெதுவாக மேலிருந்து இறங்கியது. உலோகக் கோடு சுத்தமாக இருந்தது. அத்தானின் கை வேலை, ஒரு பிசிறு இல்லை. அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டு கோடுகள் சேரும் இணைப்பு வந்தது. சிப்பின் உயிரே அந்த இடத்தில்தான். அங்கே ஒரு மேடு தெரிந்தது.

மேடு என்றால் ஏதோ தூசு விழுந்த மேடு இல்லை. ஓரங்கள் நேராக, மூலைகள் கூராக, யாரோ அளவெடுத்துப் பூசினதுபோல ஒரு செவ்வகம். அடுத்த சிப்பை வைத்தாள். அதே இடத்தில் அதே செவ்வகம். அதற்கடுத்ததிலும் அதுவே. தூசுக்கும் துருவுக்கும் இப்படி மூலை எடுக்கத் தெரியாது.

அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அது அவளுடைய செவ்வகம். மைக்ரோஸ்கோப் திரையில் அவள் வழக்கமாகப் பெரிதாக்கிப் பார்க்கும் பரப்பு எவ்வளவோ, சரியாக அவ்வளவு. வந்தது வெட்கமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசியில் செல்லத்தை வைத்தாள். கழுவி விட்ட தரை மாதிரி இருந்தது. இணைப்பில் ஒரு மேடும் இல்லை.

செல்லம் செய்த வாரம் அவள் லேபிலேயே இல்லை. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அந்த ஒரு சிப்தான் அவள் பார்க்காமல் போனது. அது ஒன்றுதான் பிழைத்தது.

அப்படியானால் மற்றதை எல்லாம் அவள் ஏன் பார்த்தாள்? கல்வெட்டு அவளுக்குத் தெரியாதா?

தெரியும். ஆரம்பத்தில் ஒரு சிப் சுமாராகப் போனபோது தம்பி எல்லோர் முன்னாலும் அத்தானைக் கத்தித் தீர்த்தான். சுமார் என்பது அந்த வேலையில் சகஜம்தான், ஆனால் அத்தானுக்கு உதறல் எடுத்துவிட்டது. அடுத்த சிப்பைக் கைக்குட்டையால் மூடிய பெட்டியோடு அவள் அறைக்கு எடுத்துவந்தார். சாட்சித் துண்டை நம்ப முடியவில்லை, ஓரம் வேறு நடு வேறு, நிஜத்தையே ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிடு என்று கெஞ்சினார். அவள் மாட்டேன் என்றாள். அவர் முகத்தைப் பார்த்து இளகிவிட்டாள். வெறும் சில நொடிகள்தான் பார்த்தாள். பிசுக்கு ஒட்டியிருக்கும், குளிர்ப்பெட்டிக்கு அனுப்புவதற்கு முன்னால் பிசுக்கை எரித்து எடுக்கிற வாயு அடுப்பில் சுட்டுச் சுத்தம் செய்துவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவரும் தலையை ஆட்டினார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் கொண்டுவருவார், அவள் பார்ப்பாள், சுட்டுவிடுங்கள் என்பாள், சரி என்பார்.

சுட்டிருந்தால் இந்தச் செவ்வகம் இருக்காது. அவள் எழுந்து அவரைத் தேடிப்போனாள்.

தூசு புகாத அறைக்கு வெளியே உடை மாற்றும் இடத்தில் அத்தான் முழு அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. அவள் கைபேசியில் படத்தைக் காட்டினாள். அவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு கால் அங்கிக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"சுட்டீங்களா, இல்லையா?"

"அந்த அடுப்பு பொது அறையில இருக்கு," என்றார். "முடிஞ்ச சிப்பை எதுக்கு மறுபடி சுடறேன்னு கேப்பாங்க. என்ன சொல்றது? சில நொடிதானே பார்த்தே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ பார்த்துக் குடுத்திருக்க மாட்டே."

அதில் பொய் இல்லை. அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் வந்தது, ஆனால் பரிதாபம் முந்திக்கொண்டது. தப்பில் தன் பங்கும் இருக்கிறது, பார்த்தது தன் கண்தானே என்று நினைத்தாள். கூட்டத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம், இரண்டு பேருமாகச் செய்த தப்பு என்று சொன்னால் தம்பி புரிந்துகொள்வான் என்றாள். அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ படத்தை மட்டும் காட்டு. மீதியை நான் சொல்லிடறேன். நான்தானே கேட்டேன், நான்தான் சொல்லணும். நீ வாயைத் திறக்காதே."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஒரு பழியை இப்படித் தானாக ஏற்றுக்கொண்டு அவள் பார்த்ததில்லை. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு, அவர் அங்கியை அவளே மடித்து அலமாரியில் வைத்தாள்.

கூட்டம் சின்ன அறையில் நடந்தது. தம்பி ஒரு பக்கம், அவன் பக்கத்தில் நிர்வாகத்து அம்மாள் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு. அக்காவும் அத்தானும் எதிரே. அக்கா படங்களைத் திரையில் போட்டாள். சொத்தை சிப்புகளில் இருந்த மேட்டையும் செல்லத்தில் அது இல்லாததையும் காட்டினாள். செய்யும் அறையில் ஒரு குறையும் இல்லை, உலோகம் சுத்தம், கோடுகள் சுத்தம், இந்தக் கறை மைக்ரோஸ்கோப்பில் விழுந்தது என்றாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள். மீதி அவர் சொல்ல வேண்டியது.

தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிப்பை மைக்ரோஸ்கோப்ல வெச்சது யாரு?"

அத்தான் தொண்டையைச் செருமினார்.

"அவதான்," என்றார். "எனக்கே இன்னிக்கு மத்தியானம்தான் தெரியும்."

படித்தீர்கள் அல்லவா? எழுதிவிட்டு நானும் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். படுபாவி.

அக்கா முதலில் அதைத் தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையாகச் சொல்கிறார், முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறார், அடுத்து அவர் கேட்டதைச் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தார். வைத்தார். அடுத்தது வரவில்லை.

"நீங்க கேக்கலையா?" என்றாள்.

"நான் எதுக்குக் கேக்கப்போறேன்? ரூல் எனக்குத் தெரியாதா?"

அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. குவளையைப் பார்த்துச் சொன்னார். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எரிச்சல்தான் வந்தது, அடிவயிற்றிலிருந்து.

"அப்ப சிப்புக்குக் கால் முளைச்சு என் ரூமுக்கு நடந்து வந்துச்சா?" அவள் தம்பியிடம் திரும்பினாள். "இவர்தான் கேட்டார். ஒவ்வொரு தடவையும் இவர் கையாலதான் கொண்டுவந்து குடுத்தார். பார்த்தது என் தப்புதான், அதை நான் ஒத்துக்கறேன். ஆனா நானாப் போய் எடுக்கல."

தட்டச்சு செய்துகொண்டிருந்த நிர்வாகத்து அம்மாளின் விரல்கள் நின்றன. அவர் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். முடிந்த சிப் இருக்கும் அலமாரி அத்தானின் அறையில் இருக்கிறது, சாவி அவரிடம் இருக்கிறது. அவர் கொடுக்காமல் அவள் கைக்கு எப்படி வரும்? பச்சைப்பிள்ளைகூட அடுத்ததாக இதைத்தான் கேட்கும். தம்பி கேட்பான் என்று அக்கா நம்பினாள்.

தம்பி திரையை அணைத்தான்.

"அது இப்ப முக்கியமில்ல," என்றான். "மைக்ரோஸ்கோப் யார் பொறுப்புல இருக்குங்கறதுதான் விஷயம்."

மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. விசாரணை முடியும்வரை அக்கா வேலைக்கு வர வேண்டாம். மைக்ரோஸ்கோப்பை வேறு ஆள் பார்த்துக்கொள்வார். அத்தான் வழக்கம்போலத் தொடரலாம். நிர்வாகத்து அம்மாள் இதை எல்லாம் தணிந்த குரலில் வாசித்தார், பாவம், அவருக்கே அது பிடிக்கவில்லை என்று தோன்றியது. அத்தான் முதல் ஆளாக எழுந்து வெளியே போனார்.

தாழ்வாரத்தில் தம்பி பின்னாலேயே வந்தான். தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினான். யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்க்கா. அத்தான்தான் கேட்டிருப்பார். நீ பொய் சொல்ல மாட்டே."

"தெரிஞ்சும் ஏன்டா உள்ள கேக்கல?"

"கேட்டா ரெண்டு பேரையும் அனுப்பணும்." அவன் குரலில் அதட்டல் இல்லை. கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலப் பேசினான். "அவர் கைவேலை சுத்தம்னு நீயேதான் நிரூபிச்சே. நீ பார்க்காம விட்டா அவர் செய்யறதெல்லாம் செல்லம்தான். அவரை விட்டா எனக்கு அதைச் செய்ய ஆள் இல்ல. பார்க்கறதுக்கு ஆள் கிடைப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. காலையிலிருந்து குனிந்து, ஊசியால் வரி வரியாகத் தடவி, புருஷனைக் காப்பாற்ற ஒரு ஆதாரம் கண்டுபிடித்தாள். அது அவரைத்தான் காப்பாற்றியது, முழுசாக.

"உன் மேல எனக்குக் கோவம் இல்லக்கா," என்றான்.

"எனக்கு இருக்கு," என்றாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் காவலாளி என்னக்கா இன்னைக்குச் சீக்கிரம் என்றார். அவள் ஆமாம் என்றாள்.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து வருகிற பேருந்தை எல்லாம் போக விட்டாள். யார்மேல் அதிகக் கோபம் என்று நினைத்துப் பார்த்தாள். கூடப் பிறந்தவனா, கட்டிக்கொண்டவரா? ஒருவன் உண்மை தெரிந்தும் கைவிட்டுவிட்டான். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளிவிட்டார். முடிவு தெரியாமலே கடைசியில் ஒரு பேருந்தில் ஏறினாள்.

வீட்டில் அத்தான் விளக்கைப் போட்டு, டீ போட்டு, அவளுக்கு ஒரு குவளையை மூடிவைத்திருந்தார். அவள் எதிரே உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். உனக்கு நாலு இடத்தில் கூப்பிடுவார்கள், எனக்கு ஒரு இடத்திலும் கூப்பிட மாட்டார்கள் என்றார். இரண்டு பேரில் ஒருவர் போயே ஆக வேண்டும் என்றால் யார் போவது வீட்டுக்கு நல்லது என்று யோசித்துப் பார் என்றார். கூட்டத்துக்கு முன்னாலேயே யோசித்துவைத்த பேச்சு மாதிரிதான் இருந்தது.

அவள் டீயைத் தொடவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் கையைப் பிடிச்சீங்களே, அப்பவே முடிவு பண்ணிட்டீங்களா?"

"இல்ல," என்றார். கொஞ்சம் கழித்து, "அப்ப நிஜமாத்தான் சொன்னேன். உள்ள அந்தம்மாவைப் பார்த்ததும் பயம் வந்துடுச்சு," என்றார்.

அதையும் அவள் நம்பினாள். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. திட்டமிட்டுச் செய்த துரோகம் என்றால் ஒரே அடியாக வெறுத்துவிட்டுப் போகலாம். பயந்தாங்கொள்ளியை என்ன செய்வது? பயம் வந்தால் மறுபடியும் இதைத்தான் செய்வார், செய்துவிட்டு டீ போட்டு மூடிவைப்பார்.

அத்தான் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உன் தம்பி நம்பிட்டான்ல?"

"இல்ல," என்றாள். "அவனுக்கு எல்லாம் தெரியும். என்கிட்டயே சொன்னான். தெரிஞ்சுதான் உங்களை வெச்சிருக்கான்."

அத்தானின் முகத்தில் இருந்த ரத்தம் இறங்குவதை அவள் உட்கார்ந்து பார்த்தாள். அவள் உதவிக்குப் போகவில்லை.

மேஜைமேல் இருந்த அவருடைய கைபேசி அடித்தது. திரையில் தம்பியின் முகம். அத்தான் அதையே பார்த்தார், கையை நீட்டவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

அக்கா அதை ஒற்றை விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"எடுங்க," என்றாள். "இனிமே அவன் கூப்பிட்டா நீங்க எடுத்துத்தான் ஆகணும்."